445 குத்துகளும் ஒரு வாடிவாசலும்

2025 மே 4, ஞாயிறு விடியற்காலை. ரியாத் நகரத்து அரங்கில் மெக்சிகோவின் கனெலோ அல்வாரெஸும் கியூபாக்காரர் வில்லியம் ஸ்கல்லும் 12 சுற்று மோதி முடித்தார்கள். கனெலோ ஜெயித்தார். சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களும் மறுபடி அவரிடம் வந்து சேர்ந்தன. ஆனால் அந்தச் சண்டையைப் பற்றி இன்றும் பேசப்படுவது வேறு கணக்கு. இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் மொத்தம் 445. குத்துகளை எண்ணிப் பதிவு செய்யும் காம்ப்யூபாக்ஸ் ஏட்டில் 12 சுற்றும் நடந்து முடிந்த சண்டைகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை கிடையாது. மூன்று நிமிடச் சுற்றுக்கு ஆளுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ குத்து. விழுந்தவற்றை மட்டும் எண்ணினால் இன்னும் குறையும்.

ஒரு நாள் முன்னால் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்திலும், ரியாத் சண்டைக்குச் செலவான அதே சவூதிப் பணத்தில் மேடை போட்டிருந்தார்கள். ரோலி ரொமேரோவிடம் ரயன் கார்சியா தோற்ற சண்டையில் 490 குத்துகள்; டெவின் ஹேனி ஹோசே ராமிரெஸை வென்றதில் 503. மூன்றுமே 12 சுற்று. மூன்றுமே சோறு வைத்துக் குழம்பு ஊற்றாத பந்தி.

பணத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஸ்கல் இயல்பிலேயே விலகி விலகி ஆடுபவர். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 26 அன்று, லண்டன் டாட்டன்ஹாம் மைதானத்தில் கிறிஸ் யூபாங்க் ஜூனியரும் கானர் பென்னும் மோதியதும் அதே கஜானாவின் பணத்தில்தான். பன்னிரண்டாம் சுற்றின் கடைசி மணி வரை இருவரும் குத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? டாட்டன்ஹாமில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். டைம்ஸ் சதுக்கத்தில் டிக்கெட் விற்பனையே இல்லை. அழைப்பு பெற்ற சில நூறு பேர் மட்டுமே. ரியாத்திலோ அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக ஊர் தூங்கும் வேளையில் மணி அடித்தார்கள்.

காசு கொடுத்து வந்த கூட்டம் சும்மா இருக்காது. கூச்சல் போடும், விசில் அடிக்கும், அடுத்த முறை வராமல் இருந்துவிடும். அந்தப் பயம் இருக்கும்வரை வீரன் குத்துவான். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் வந்துவிடும் என்ற இடத்தில் அவன் யாருக்காகக் குத்த வேண்டும்?

இதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அலங்காநல்லூரில் தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டுக் கேலரியில் இடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். வாடிவாசலை விட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும் காளைக்கும் பரிசு உண்டு. அது பிடிபடவில்லை, ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் திரும்பி நின்று, கொம்பை ஆட்டி, ஒருவனையும் அண்டவிடாமல் நின்று விளையாடும் காளையைத்தான் ஊர் அடுத்த தை வரை பேசும். ஓடுகிற காளைக்கு இனி இடமில்லை என்று எந்த விழாக் கமிட்டியும் சொன்னதில்லை. குத்துச்சண்டையில் சொல்லிவிட்டார்கள். அந்த வார இறுதிக்குப் பிறகு, சவூதியின் குத்துச்சண்டைச் செலவுக்குப் பொறுப்பாளரான துர்க்கி அல் ஷேக், டாம் அண்ட் ஜெர்ரி போல ஒருவர் ஓட மற்றவர் துரத்தும் சண்டைகளுக்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவித்தார். கால் வேகத்தால் அடியைத் தவிர்ப்பதும் குத்துச்சண்டைக் கலையில் பாதி. முகமது அலி பெயர் எடுத்ததே அதில்தான். ஒரு மனிதரின் ரசனை ஒரு விளையாட்டின் சட்டம் ஆகிற இடம் இது.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு, சண்டை ஏற்பாட்டாளர்கள் ஆளுக்கொரு திசை, தொலைக்காட்சிகள் தனித்தனி என்று சிதறிக் கிடந்த தொழில் இது. 1999-ல் லெனக்ஸ் லூயிசுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே சாம்பியன் இல்லாமலே கால் நூற்றாண்டு போயிற்று. 2024 மே 18 அன்று ரியாத்தில் உக்ரைன் வீரர் உசிக், டைசன் ஃபியூரியை வென்றதும் அந்தக் குறை தீர்ந்தது. அந்த மேடையைக் கட்டியது சவூதிப் பணம்தான். ஜென்ம விரோதிகளான ஏற்பாட்டாளர்கள் ஃபிராங்க் வாரனும் எடி ஹெர்னும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதனால்தான்.

ஆனால் அதே ஆண்டு ஜூன் 1 அன்று லிவர்பூல் பையன் நிக் பால் உலகப் பட்டம் வென்றதும் ரியாத்தில்தான். அவர் தெருக்காரர்கள் அதை டிவியில் பார்த்தார்கள்.

அரசுப் பணம் குத்துச்சண்டைக்குப் புதிதல்ல. 1974-ல் அலிக்கும் ஃபோர்மேனுக்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்துக் கின்ஷாசாவுக்கு அழைத்தது சயீர் நாட்டு மொபுட்டுவின் ஆட்சி. ஒரு சண்டை, ஒரு விளம்பரம், அதோடு முடிந்தது. இப்போது நடப்பது ஒரு இரவு விளம்பரம் அல்ல. வீரர்களைத் தரவரிசைப்படுத்தும், 1922-ல் தொடங்கிய 'தி ரிங்' பத்திரிகையை 2024 நவம்பரில் அல் ஷேக் வாங்கிவிட்டார். சவூதி அரசு நிதியத்தின் செலா நிறுவனம் அமெரிக்காவின் டிகேஓ நிறுவனத்தோடு சேர்ந்து தனிக் குத்துச்சண்டை அமைப்பே தொடங்கியிருக்கிறது. சண்டை நடத்துபவரே பட்டத்தையும் தரவரிசையையும் கையில் வைத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் 2000-ல் அலி பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதைத் தளர்த்தும் மசோதா 2025-ல் அங்கே அறிமுகமானது. பரிசு கொடுப்பவர், எண்ணுபவர், யார் பெரியவன் என்று எழுதுபவர், மூவரும் ஒருவரே என்றால் அதைப் போட்டி என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் கவலை எனக்கு வருவதற்குக் காரணம் வெளிநாட்டில் இல்லை. வேட்டி, துண்டு, அண்டா, சைக்கிள் என்று ஊரார் கொடுத்த இடத்தில் இன்று சிறந்த மாடுபிடி வீரருக்கு முதல்வர் பெயரில் கார் நிற்கிறது. வரவேற்கிறேன், உயிரைக் கொடுத்து இறங்குகிறவனுக்கு அது அதிகமில்லை. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 66 ஏக்கரில் அரசு தனி அரங்கமே திறந்தது. அலங்காநல்லூர் வாடிவாசல் அங்கே போய்விடுமோ என்ற பேச்சு எழுந்தது; போகவில்லை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் அந்தந்த ஊரில் அந்தந்த நாளில் நடக்கின்றன. அரசு சரியாகச் செய்த காரியம் இது.

சரியாகாதது எண்ணிக்கை. 2024 அலங்காநல்லூரில் கருப்பாயூரணி கார்த்தி 18 காளை, பூவந்தி அபிசித்தர் 17 காளை. ஒரு காளையில் கார் கைமாறியது. எண்ணியதில் தவறு என்று அபிசித்தர் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஆண்டு அதே வாடிவாசலில் 20 காளை பிடித்து அவர் காரை வாங்கிப் போனார் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக ஆகாது. மூன்று துள்ளல் தாங்கினானா, எல்லை வரை திமிலை விடாமல் போனானா, இருவர் சேர்ந்து பிடித்தார்களா என்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற விஷயம். பரிசு துண்டாக இருந்தபோது யாரும் கேட்கவில்லை. கார் என்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். பரிசு அரசுடையதாக இருக்கட்டும், விழா ஊருடையதாக இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் இரு தரப்பையும் சாராத நடுவர்களிடம் கொடுங்கள். கேட்கிற வீரனுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த தை பிறப்பதற்குள் இதைச் செய்துவிடலாம்.