மாதுளை விதையும் மகள் சொன்ன சொல்லும்

கிரேக்கப் பெண் தெய்வங்களைப் பற்றி எழுதுவோர் அறிவுக்கு அதீனா, அழகுக்கு அஃப்ரொடைட்டி, விளைச்சலுக்கு டிமீட்டர் என இலாகா பிரித்துக் கொடுத்துவிடுகின்றனர். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நமக்கு இம்முறை பழகியதே. ஆயினும் இலக்கியம் நுகர அது உதவாது. டிமீட்டரின் கதையைப் பருவ மாற்றத்திற்குக் கூறிய விளக்கம் என்று முடித்துவிடுவதும் இத்தகையதே.

ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களுள் ஒன்று டிமீட்டரைப் பற்றியது. கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டினது என்பர். நெடுங்காலம் மறைந்து கிடந்த இப்பாடலின் கையெழுத்துப் படி 1777இல் மாஸ்கோவில் கிடைத்தது. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரை அறிந்த நாம் இதன் அருமையை எளிதில் உணரலாம்.

மலர் கொய்து நின்ற பெர்செபொனியைப் பாதாள வேந்தன் ஹேடிஸ் தேரில் கவர்ந்து செல்கிறான். தந்தை ஜீயஸின் இசைவு அவனுக்கு உண்டு. தாய்க்கோ ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. ஒன்பது நாள் உண்ணாமல், கையில் தீப்பந்தங்களுடன் தேடி அலைந்த டிமீட்டரிடம் கதிரவன் ஹீலியோஸ் உண்மையைக் கூறி, ‘உடன்பிறந்தவனே மருமகனானான், தகுதியற்ற இடமன்று’ என்ற பொருள்பட ஆறுதலும் உரைக்கிறான். ஹேடிஸை மாமன் என்பதா, பெரியப்பன் என்பதா? இரண்டும் பொருந்தும். உறவு விட்டுப் போகக்கூடாது என்று நம் வீடுகளிற் கேட்ட வாதம் இங்கும் ஒலிக்கக் காண்கிறோம். டிமீட்டர் அதற்கு மறுமொழி கூறவில்லை. தேவருலகை விட்டு நீங்கினாள்; பின்னர் நிலத்தில் ஒரு விதையும் முளையாமற் செய்தாள். மானிடர் மடிந்தால் தேவர்க்குப் பலியில்லை. ஜீயஸ் பணிந்தது அதன் பின்னரே.

பாடலின் உயிர்நிலை அடுத்து வருவது. மகள் திரும்புகிறாள். தழுவிய கையை விடுமுன்னரே தாய்க்கு ஐயம் எழுகிறது: அங்கு ஏதேனும் உண்டாயா? உண்டிருந்தால் ஆண்டில் மூன்றிலொரு பங்கு அங்கேயே கழிக்க வேண்டும். ஹேடிஸ் மாதுளை விதையை மறைவாகக் கொடுத்தான் என்பது கவியின் கூற்று. மகளோ, விருப்பமில்லாத தன்னை வலிந்து உண்பித்தான் என்று தாயிடம் சொல்கிறாள். இம்முரண்பாட்டைக் கவியின் மறதி எனக் கொள்ள நமக்கு மனமில்லை. அவள் மறைப்பதுண்டா? அன்றித் தனக்கு நேர்ந்ததை அவளே அறிந்தவளா? கவி தீர்ப்புக் கூறாது விடுகிறார். மணமாகித் தொலைவூர் சென்ற மகள் முதன்முறை வீடு வந்து, தாய் கேட்பவற்றிற்கு விடையளிப்பதைக் கண்டவர்க்கு இம்மௌனம் விளங்கும்.

உரோமக் கவி ஓவிட் இதே கதையை ‘உருமாற்றங்கள்’ என்னும் நூலிற் பாடினார். அங்கே அவள் தானே தோட்டத்திற் கனி பறித்து ஏழு விதைகளை உண்கிறாள். ஒருவன் கண்டு காட்டிக் கொடுக்கிறான். ஆண்டும் ஆறாறு திங்களாகச் சரிபாதியாகிறது. கணக்கு நேரானது, கவிதை மெலிந்தது. சுமேரியரின் இனன்னாவோ தானே விரும்பிப் பாதாளம் புகுந்தவள். அவளுக்காகத் தேவரிடம் முறையிடுபவள் பணிப்பெண், தாயல்லள்.

துதிப்பாடலின் இறுதியில் டிமீட்டரை அழைத்துவர ஜீயஸ் ஒருவரை அனுப்புகிறான். முன்னர் தேவர் ஒவ்வொருவராய் வந்து பரிசு காட்டியும் இணங்காதவள் இம்முறை இணங்குகிறாள். வயல்களிற் பயிர் எழுகிறது. வந்தவள் ரீயா, டிமீட்டரைப் பெற்ற தாய்.