நீதிமன்ற ஏலமும் 60 நாள் கெடுவும்

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் குடியேறிய தமிழருக்கும் ஊரில் தகப்பனார் பெயரிலேயே நிற்கும் வீடோ வயலோ இருக்கக்கூடும். அது ஜப்தியாகி நீதிமன்ற ஏலத்துக்குப் போய்விட்டால், எதிர்க்க வழி தருவது இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 90-ஆம் விதி. ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெரும் முறைகேடு அல்லது மோசடி இருக்க வேண்டும்; அதனால் கணிசமான நட்டம் வந்ததையும் காட்ட வேண்டும். ஏலநாள் முதல் 60 நாள்தான் கெடு.

இந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனே கட்டுகிறார், மீதியை 15 நாளுக்குள். அற்பக் குறைக்கெல்லாம் ஏலம் ரத்தாகுமென்றால் கேட்க ஆள் வராது, விலை விழும், அடி கடனாளிக்கே.

கோளாறு மதிப்பீட்டில் இருக்கிறது. அதே கட்டளையின் 66-ஆம் விதிப்படி நீதிமன்றம் தன் மதிப்பைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. தரப்பினர் சொல்வதே அறிவிப்பில் ஏறும். கடனாளி வராவிட்டால் கடன் கொடுத்தவர் சொன்ன விலை மட்டும் நிற்கும். அனுமதி பெற்று அவரே ஏலமும் கேட்கலாம். பின்னால் வந்து, அடிமாட்டு விலைக்குப் போயிற்று என்று முறையிட்டால், அறிவிப்பு தயாரானபோதே சொல்லியிருக்கலாமே என்று 90-ஆம் விதியே கதவடைக்கிறது. பூட்டிய கதவில் ஒட்டிய நோட்டீசும் தெருவில் போட்ட தண்டோராவும் ஆக்லாந்துக்கு எட்டுமா?

உச்ச நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. 66-ஆம் விதி நோட்டீஸ் கட்டாயம் என்று தேஷ் பந்து குப்தா வழக்கில் சொன்னது. கடனுக்குப் போதுமான பகுதியை மட்டும் விற்பது நீதிமன்றத்தின் கடமை என்று 1989-இல் அம்பட்டி நரசய்யா வழக்கில் தீர்ப்பளித்தது. மோசடியால் விவரம் மறைக்கப்பட்டிருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அது தெரியவந்த நாளிலிருந்து கெடுவை எண்ண இடம் தருகிறது. ஆனால் இவையெல்லாம் ஏலம் முடிந்தபின் வாதாடி வாங்கும் நிவாரணங்கள்.

நியூசிலாந்தில் அடமானச் சொத்தை விற்பவர், அன்றைக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த விலையைப் பெறத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்கிறது 2007 சொத்துச் சட்டம். அது அடமான விற்பனைக்கான விதிதான். ஆனாலும் கவனிக்கும் பொறுப்பு அங்கே விற்பவர் தலையில் இருக்கிறது. கடனாளி வராத வழக்குகளிலாவது நம் நீதிமன்றங்கள் சுதந்திரமான மதிப்பீட்டாளரை அமர்த்தியே ஆகவேண்டும்; அதைச் சட்டத்திலேயே எழுதவேண்டும்.

அதுவரை, வெளிநாட்டில் இருப்பவர்களே, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இகோர்ட்ஸ் தளத்தில் தகப்பனார் பெயரையும் உங்கள் பெயரையும் போட்டு அவ்வப்போது தேடுங்கள். வில்லங்கச் சான்றையும் பாருங்கள். வழக்கு இருந்தால் ஏல அறிவிப்பு தயாராகும் முன்பே வழக்கறிஞர் வழியாக உங்கள் மதிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள்.