மனப்பான்மையை அளக்கும் ஐந்து கட்டங்கள்

பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்காக எழுதப்படும் ஒருவகை ஆய்வேடு உண்டு. ‘மாணவர்களின் தகவல் தொழில்நுட்ப அறிவும் மனப்பான்மையும்’ என்கிற மாதிரி தலைப்பு இருக்கும். ஊர் மாறும், வருஷம் மாறும். உள்ளே சரக்கு மாறாது. முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்று தொடங்கி முழுக்க மறுக்கிறேன் என்று முடியும் ஐந்து கட்டங்கள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் உண்டாக்கிய அளவுகோல் அது. மாணவர் ஒன்றில் டிக் போடணும். கூட்டிக் கழித்து, ‘கிராமப்புற மாணவர்களிடம் விழிப்புணர்வு குறைவு’ என்று முடித்துவிடுவார்கள்.

யாரிடம் குறைவு? எது குறைவு?

2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றுக் கணக்குப்படி, கணினி இருந்த வீடுகள் நகரத்தில் 23.4 சதவீதம், கிராமத்தில் வெறும் 4.4. வீட்டில் இல்லாத பொருள்மேல் ஒருத்தருக்கு என்ன மனப்பான்மை வந்துவிடும்? இல்லாமையை மனசின் கோளாறாக மாற்றிச் சொல்கிறது இந்த ஆய்வு. குடிக்கவே தண்ணி விடாம வச்சிருந்துட்டு, சேரிக்காரனுக்குச் சுத்தம் தெரியலன்னு சொன்ன அதே வாய்.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முறுக்குக்குப் பேர்போன ஊர். விசைத்தறிச் சத்தம் ஓயாத வட்டாரம். சேலத்தில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தபிறகு, கூலிக்குத் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முறுக்கு சுத்தும் பெண்களின் பிள்ளைகளுக்கும் மேல்படிப்பு கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. இப்படி வருகிற முதல் தலைமுறையிடம் கேள்வித்தாள் பாலினம், இருப்பிடம், பெற்றோர் தொழில் எல்லாம் கேட்கும். சாதியைக் கேட்டாலும் ஒரு பத்தியில் அடைத்துச் சராசரி போடும். ‘லேப்ல உனக்கு எத்தனை நிமிஷம் மிஷின் கிடைச்சுது? தப்பா ஒரு பட்டனை அமுக்குனப்ப யார் சிரிச்சாங்க? ராத்திரி தறிக்குப் போனியா?’ இதைக் கேட்காது. தயங்கி நிற்கும் கைக்கு ‘எதிர்மறை மனப்பான்மை’ என்று பேர் வைத்துவிடும்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ‘இதுங்களுக்கு எதுக்கு? சினிமாதான் பாக்கும்’ என்று பேசினவர்கள் உண்டு. இல்லாவிட்டால் விழிப்புணர்வு இல்லை. கொடுத்தால் தகுதி இல்லை.

சரி, தொழில்நுட்பத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் மனப்பான்மையை யார் அளந்தார்கள்? தலித் பொறியாளர் ஒருவரை, இந்தியாவிலிருந்து போன மேல்சாதி மேலாளர்கள் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்று சிஸ்கோ நிறுவனத்தின்மேல் 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. 2023இல் மேலாளர்கள் இருவர்மீதான வழக்கை அத்துறையே திரும்பப் பெற்றது, நிறுவனத்தின்மீதானது தொடர்ந்தது. தீர்ப்பு எப்படியானாலும், கணினி படித்த இடத்திலும் சாதி பற்றி வழக்குப் போட வேண்டி வந்ததே, அது போதும். எந்த ஐந்து கட்டத்தில் இதற்கு டிக் போடுவது?

இன்று நம் பிள்ளைகளும் ஆய்வு செய்ய வந்திருக்கிறார்கள். பழைய கேள்வித்தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், தோழர்களே. எத்தனை மிஷின், எத்தனை மணி நேரம், எந்த மொழியில் பாடம், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளை முதலில் துறைத்தலைவரிடம் நீட்டுங்கள். அவரும் டிக் போடட்டும்.