விசுவாசத்தின் ஐந்தொகை

விமானக் கம்பெனிகளின் ‘லாயல்டி புரோகிராம்’ விதிமுறைகளை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. இதற்கெல்லாம் இந்தப் பத்திரிகையில் பக்கம் ஒதுக்க வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒருவரின் புலம்பலைக் கேட்டபோது வாசித்தாக வேண்டும் என்று பட்டது. ‘பத்து வருசமா ஒரே ஏர்லைன்சு, கோல்டு கார்டு. பிசினஸ் கிளாஸ் காலியாத்தான் கெடந்துச்சு. அப்கிரேடு பண்ண மாட்டேன்ட்டாங்க.’ பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்டவரின் குரல்.

அப்கிரேடை ‘மேல்நிலையாக்கம்’ என்று தமிழ்ப்படுத்தலாம். எம்.என். சீனிவாஸ் சாதி குறித்துப் பேசியதை இந்தச் சொல் ஞாபகப்படுத்தினால் நல்லதுதான். மேலே போகத் துடிப்பவர் ஏணியைக் கேள்வி கேட்பதில்லை. பின்னால் இருநூறு முந்நூறு பேர் முழங்கால் இடிபட உட்கார்ந்திருப்பதால்தான் முன்னால் இருக்கும் காலி இருக்கைக்கு மதிப்பு. தான் ‘எல்லாரையும் போல’ நடத்தப்பட்டதில்தான் அவருக்குக் கோபம். எல்லாரும் ஏன் அப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வி அந்தக் கோபத்துக்குள் நுழையவே முடியாது. அட்டை அவரை ‘மேன்மக்கள்’ என்று விளிக்கிறது. அல்தூசர் சொன்னபடி அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

பிரதிக்கு வருவோம். மைல் பரிசு என்கிறது பிரதி. ஆனால் கம்பெனியின் ஐந்தொகையில் அது கொடுக்கவேண்டிய கடன். வட்டிக்கடை நடத்திய ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பர்மாவிலோ மலேயாவிலோ தவணைக்குப் பணம் போட்டவருக்கு வட்டி எவ்வளவு, முதல் எப்போது திரும்பும் என்பது தெரியும். இங்கேயோ கடன்பட்டவனே கடனின் மதிப்பைக் குறைக்கிறான், கெடுவும் வைக்கிறான். (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 3 வருஷம்தான் ஆயுள்.) ‘விதிகள் மாறுதலுக்குட்பட்டவை’ என்ற ஒரு வரியில் எல்லாம் முடிகிறது. இப்படி ஒரு பேரேட்டை எந்தப் பெட்டியடிப் பையனும் எழுதியிருக்க மாட்டான். இதனால் செட்டியார் வட்டிக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம்; 1930களில் நிலமிழந்த கீழ்பர்மா விவசாயியின் கணக்கு வேறு. 1981இல் முதல் பெரிய மைல் திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 2021இல் அதே திட்டத்தை ஈடுவைத்து 1000 கோடி டாலர் திரட்டியது. அடகுக்குப் போனது பயணிகளின் விசுவாசம்.

இந்தத் தந்திரம் விமானத்துக்கு முந்தியது. 1877இல் கல்கத்தா சரக்குப் பாதையில் கப்பல் கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. வேறு கப்பலில் சரக்கு ஏற்றாத வியாபாரிக்குக் கூலியில் 10 சதவீதம், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கிடைக்கும். இடையில் ஒரு மூட்டை வெளியே போனாலும் அது கிடையாது. தன் பணமே தன்னைக் கட்டும் கயிறு. 1916இல் அமெரிக்கா சட்டம் போட்டு இதைத் தடுத்தது. தூத்துக்குடியில் இன்னும் வெளிப்படையாக நடந்தது: 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியை ஒழிக்க, வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை. 1911இல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. அதன்பிறகு குடை கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கு?

விசுவாசத்தை அளக்கும் கோலையும் பார்க்க வேண்டும். கிரிஸ்ஃபிளையர் தங்க அட்டைக்கு ஓராண்டில் 50,000 மைல். சென்னை–சிங்கப்பூர் ஒருவழி ஏறக்குறைய 1800 மைல். முழுசாகக் கணக்கிட்டாலும் 28 தடவை பறக்க வேண்டும். அங்கே கட்டட வேலை பார்க்கும் எங்கள் பக்கத்துத் தம்பி ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருகிறார். இருபது வருஷமாக அதே கடல், அதே பாதை. ஆனாலும் அவர் ‘விசுவாசமான பயணி’ அல்ல; அடுத்த அடுத்த மைல் சேர்வதற்குள் முந்தியது செத்துவிடும். அட்டை உண்டா என்று கேட்டேன். ‘நமக்கு என்னண்ணே கார்டு? ஏசன்ட்டு எதுல போடுறாரோ அதுல ஏற வேண்டியதுதான். சாங்கில பொட்டி ரெண்டு கிலோ கூடிப்போச்சுன்னா, பிள்ளைக்கு வாங்குனதை அங்கனேயே எடுத்துக் கீழ வைக்கணும், அதச் சொல்லுங்க.’