ஒரே மணிக்கணக்கு

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இணையவழிச் சட்டப் படிப்பில் சேர முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. 1969-இல் அரச சாசனம் பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கொள்கையே அதுதான். பள்ளியைப் பாதியில் விட்டவரும், வீட்டை விட்டு வெளியேற முடியாத நோயாளியும் எல்.எல்.பி. படிக்கலாம். இதைப் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

படிப்பின் சுமையை மறைக்காமல் சொல்லிவிடுவதும் நல்ல வழக்கம். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு. 60 கிரெடிட் பாடத்துக்கு 600 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம். வேலையும் குடும்பமுமாக இருப்பவர் தன்னால் முடியுமா என்று சேருமுன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே என்பதில்தான் சிக்கல். பார்வையற்ற மாணவர் ஒருவர் டொனகியூ – ஸ்டீவன்சன் தீர்ப்பைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கவனக்குறைவால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதற்கு அடித்தளமிட்ட 1932-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. சட்டத்தின் பார்வையில் 'அயலார்' யார் என்று நீதிபதி அட்கின் பிரபு விளக்கும் இடம் தீர்ப்புத் தொகுப்பின் 580-ஆம் பக்கம். கண்ணால் படிப்பவர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். பார்வையற்றவர் கையில் இருப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், எழுத்தை ஒலியாக்கும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளால் உரையாக மாற்றினாலும், பக்கத் தலைப்பும் ஓரக் குறிப்பும் வாக்கியத்தின் நடுவே புகுந்து ஒலிக்கும். 2001-இல் இங்கிலாந்துத் தீர்ப்புகளில் பத்திகளுக்கு எண் இடுவது விதியானது. மேற்கோள் காட்டுவதற்காகச் செய்த அந்த மாற்றம் பார்வையற்ற மாணவர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் சட்ட மாணவர் அப்படி எண்ணிடப்படாத பழைய தீர்ப்புகளைத் தவிர்க்க முடியாது.

பல்கலைக்கழகம் கைகட்டி நிற்கவில்லை. பாடநூல்களை மாற்று வடிவங்களில் தருகிறது, காணொளிக்கு எழுத்துவடிவம் தருகிறது, தேவைப்படுவோருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் ஒதுக்குகிறது. ஒப்படைப்புக்கான கெடுவை நீட்டிக்கவும் கேட்கலாம். ஆனால் நீட்டிப்பு வேலையைக் குறைப்பதில்லை. இந்த வாரம் தள்ளிப்போன வாசிப்பு அடுத்த வாரத்தின் வாசிப்போடு சேர்ந்து தலைமேல் நிற்கும்.

தரத்தைக் குறைக்க முடியாது என்று பேராசிரியர்கள் சொல்வது நியாயம். 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே தகுதி அளவுகோல்களைத் தளர்த்தும்படி கேட்பதில்லை. ஆனால் அளவுகோல் வேறு, அதைச் சோதிக்கும் முறை வேறு. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கில் 2024-இல் உயர் நீதிமன்றம் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. ஒரு தீர்ப்பிலிருந்து சட்டக் கோட்பாட்டைப் பிரித்தெடுக்கத் தெரிவது அளவுகோல். ஸ்கேன் படத்தோடு மல்லுக்கட்டுவது எந்த அளவுகோலிலும் சேராது.

அதே சட்டம், மாணவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தயாராக இருக்கும் கடமையையும் கல்வி நிறுவனங்களுக்கு விதிக்கிறது. ஆகவே வாசிப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பழைய தீர்ப்பையும் வகுப்பு தொடங்குமுன்பே திரைவாசிப்பானில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். படிக்க வேண்டிய பக்கங்களைக் குறித்துத் தர வேண்டும். திரைவாசிப்பானில் படிப்பவருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் அந்த 16 முதல் 18 மணி நேரக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.