குதிரைத் திறன் கடைசியில் வரட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? வண்டியைக் கழுவுவதன்று, ஒரு பட்டியல் எழுதுவது. புதிய ஏர் ஃபில்ட்டர், அகலமான சைலன்சர் குழாய், பெரிய சக்கரங்கள், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், பணம் மிஞ்சினால் ஒரு டர்போ. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கார் மோகம் கொண்ட இளைஞர்களிடையே இது கிட்டத்தட்ட மனப்பாடப் பகுதியாகவே ஆகிவிட்டது. ஒரு நூலை மதிப்பிடுவது போல இந்தப் பட்டியலை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நீங்கள் கார் வாங்கப் போகிறவராக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. உராய்வு, இயக்க ஆற்றல், வெப்பம் என்று பள்ளியில் படித்த மூன்று பாடங்கள் போதும்.

எடுத்துக்காட்டாக மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற ஜப்பானியக் காரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மியாட்டா என அழைக்கப்படும் இவ்வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இருவர் மட்டுமே அமரக் கூடியது. துணிக் கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். 2016 ஏப்ரலில் இவ்வகைக் கார்களின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. ஆகவே பழைய வண்டியாகக் கிடைப்பது எளிது. இதற்கென விற்கப்படும் மாற்று உறுப்புகளும் ஏராளம். பட்டியல் எழுதுவோருக்கு இதைவிட வசதியான வண்டி வேறில்லை.

தொடக்க ஆண்டுகளில் இதில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின்; ஏறக்குறைய 115 குதிரைத் திறன். இது ஒன்றும் பெரிய எண் அன்று. ஆனால் வண்டியின் எடை 1,000 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோஷிஹிகோ ஹிராய் என்பவரின் தலைமையில் இதை வடிவமைத்த பொறியாளர்கள் குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்ற ஜப்பானியக் கருத்தைத் தங்கள் குறிக்கோளாகக் கொண்டனர். பானெட்டை அலுமினியத்தில் செய்தனர். பாட்டரியைப் பின்புற டிக்கிக்குள் தள்ளினர். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எடையை ஏறக்குறையப் பாதிப் பாதியாகச் சுமக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு பாடு. கியர் பெட்டியையும் பின் அச்சின் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்தனர். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தயங்காமல் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

இப்போது நம் பட்டியல்காரரைப் பாருங்கள். அவர் வாங்கிய வண்டிக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ரப்பர் புஷ்கள் இறுகிப் போயிருக்கும். ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கும். டயர் எப்போது மாற்றியதோ யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி மந்தம், பிடிப்பு போதாது" என்று தீர்ப்பு எழுதுகிறார். தந்தி தளர்ந்த வீணையை மீட்டிப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பெரிதாக்கச் சொல்வது போன்றது இது. அவர் குறை கண்டது பொறியாளர் செய்த காரில் அன்று, முப்பது ஆண்டு முதுமையில்.

பட்டியலின் முதல் வரிக்கு வருவோம். புதிய ஏர் ஃபில்ட்டர் 5 குதிரைத் திறன் கூட்டித் தரும் என்றே வைத்துக்கொள்வோம். 115-இல் 5 என்பது ஏறக்குறைய 4 சதவீதம். வண்டி முடுக்கம் பெறுவது திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ என்று கொண்டால், 4 சதவீதத் திறன் கூடுவதும் சுமார் 45 கிலோ எடை குறைவதும் ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரை இறங்கச் சொன்னாலே போதும், செலவும் இல்லை!

அதுவும் அந்த 5 கிடைத்தால்தான். மூடியில்லாத ஃபில்ட்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பொருத்தினால் அது எஞ்சின் கூட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே உறிஞ்சும். காற்றின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசிலிருந்து 50 டிகிரிக்கு உயர்ந்தால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் நுழையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டு எடுத்த அளவீட்டில் இந்த நஷ்டம் தெரியாது. சாலையில் தெரியும். உச்ச வேகத்தை எண்ணி மகிழ்வோருக்கு இன்னொரு செய்தி: காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 10 சதவீதம் திறன் கூட்டினால் உச்ச வேகம் கூடுவது சுமார் 3 சதவீதமே.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். அது டயர்.

எஞ்சின் எவ்வளவு திறன் தந்தாலும், பிரேக் எவ்வளவு இறுகினாலும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும், அந்த விசைகள் அனைத்தும் தரையைத் தொடும் நான்கு ரப்பர்த் துண்டுகள் வழியாகவே செல்லியாக வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் சுமார் 260 கிலோ சுமக்கிறது. டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. கணக்கிட்டால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர செ.மீ. வருகிறது, நம் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. ஓட்டுநரின் உயிர் இந்த நான்கு அஞ்சலட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நல்ல டயர். உராய்வுக் கெழு 0.9. மற்றதில் வயதாகி இறுகிய டயர். உராய்வுக் கெழு 0.7. இரண்டும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில், பக்கம் பக்கமாக வருகின்றன. ஒரே கணத்தில் இரண்டிலும் பிரேக்கை மிதிக்கிறார்கள். வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம் கிடைக்கும். முதல் வண்டி சுமார் 44 மீட்டரில் நிற்கிறது. இரண்டாவது நிற்க 56 மீட்டர் வேண்டும். வெறும் 12 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்ற அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் என்ன? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 47 கி.மீ. வரும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தால் ஏர் ஃபில்ட்டர் தந்த 5 குதிரைத் திறன் எதற்குப் பயன்படும்?

வளைவிலும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் நல்ல டயர் மணிக்குச் சுமார் 75 கி.மீ. வரை தாங்கும், கெட்ட டயர் 67-ஐ எட்டும் முன்பே வழுக்கத் தொடங்கும். ஆகவே ஸ்போர்ட்ஸ் காரின் வேகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எஞ்சினில் இல்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டியல் எழுத உட்காரும் முன் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். கோடுகள் ஆழமாக இருப்பது மட்டும் போதாது. காரைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது பிரேக். 1,050 கிலோ வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 405 கிலோஜூல். ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. மலைச்சாலையில் இறங்கும்போது இது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே வகைக்கு விதித்த எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த கால் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஒரு புட்டி புதிய திரவத்தின் விலை பட்டியலிலுள்ள எந்தப் பொருளின் விலையோடும் ஒப்பிடத் தக்கதன்று. பெரிய பிரேக் தட்டுகளை வாங்குவது பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

பெரிய சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலையிலிருந்து வந்தவை 14 அங்குலச் சக்கரங்கள். சக்கரத்தின் விளிம்பில் கூடும் எடை முன்னோக்கியும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். எனவே முடுக்கத்தின்போது ஏறக்குறைய இருமடங்கு சுமையாகிறது. அழகுக்காக வாங்குகிறேன் என்று சொன்னால் அது நேர்மையான பேச்சு.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது மட்டும் மன்னிக்க முடியாதது. ஆறு சுற்றுகள் கொண்ட சுருள்வில்லில் ஒன்றை வெட்டினால் அதன் விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. அது மேலும் கீழும் அசையும் இடமோ குறைகிறது. இந்த வண்டியில் அந்த இடம் முன்பே குறைவு. சிறு பள்ளத்திலும் வண்டி பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். வளைவின் நடுவே அப்படி உட்கார்ந்தால் சக்கரத்தின் பிடிப்பு திடீரென மாறும். புதிய ஷாக் அப்சார்பர்கள், புதிய புஷ்கள், சரியான வீல் அலைன்மெண்ட் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆலையின் பழைய ஸ்பிரிங்கே போதுமென்று பலர் கண்டுகொள்வார்கள்.

டர்போவை நான் அடியோடு மறுக்கவில்லை. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே இந்த வண்டியை முந்திச் செல்கின்றன. கூடுதல் திறன் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கு முதல் சுமார் மூன்றிலொரு பங்கு வரையே வேலையாக மாற்றுகிறது. 40 கிலோவாட் கூடுதலாகப் பெற்றால் அதைப் போல் இருமடங்கோ அதற்கு மேலோ வெப்பமாக வெளியேற வேண்டும். புகையோடு போவது போக மீதியை ரேடியேட்டர்தான் சுமக்கும். அதன் பிளாஸ்டிக் மேல்தொட்டி பழுத்துப் பழுப்பு நிறமாகியிருந்தால் வெடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள்.

பட்டியலில் எவரும் எளிதில் எழுதாத இன்னொரு வரி, இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தும் எஃகு வளைவு. துணிக் கூரை வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க வேறொன்றும் உறுதியாக இல்லை. வளைவுக்கு அடர்ந்த நுரைப் பட்டையும் சுற்ற வேண்டும். தலைக்கவசம் அணியாத தலை வெறும் எஃகில் மோதினால் காக்க வந்ததே காயப்படுத்திவிடும்.

எஞ்சினில் கை வைத்தே ஆக வேண்டும் என்பவருக்கும் வேலை இருக்கிறது. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 96,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த 1.6 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது. வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவே. அதனாலேயே பழைய சொந்தக்காரர் மாற்றாமல் விட்டிருக்கக் கூடும். 1990-ஆம் ஆண்டு வண்டிகளிலும் 1991-இன் தொடக்கத்து வண்டிகளிலும் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. அங்குள்ள பெரிய போல்ட் தளர்ந்தால் சாவிப் பள்ளம் தேய்ந்து தண்டே வீணாகிவிடும். எஞ்சின் ஓடும்போது முன்னாலுள்ள பெல்ட் கப்பி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு டார்ச் விளக்கு போதும்.