‘கருக்கி’ன் மொழியும் நமது பிரசங்க பீடமும்

பிரதான ஆசாரியனின் அரண்மனையில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு (மத். 26:73). யோர்தான் துறையில் ஓர் உச்சரிப்புப் பிழைத்தவர்கள் உயிரிழந்தனர் (நியா. 12:6). வட்டார வழக்கு ஒருவருடைய ஊரை மட்டுமன்று, சமுதாயம் அவருக்கு வகுத்த இடத்தையும் அறிவிக்கிறது என்பதைத் திருமறை நன்கறியும். இவ்வுண்மையை நாம் எவ்வாறு கையாண்டுள்ளோம் என ஆராய, 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ ஏற்ற நூலாகும்.

வட்டார வழக்கை மாந்தரின் உரையாடலுக்கு ஒதுக்கி, தம் கூற்றைச் செந்நடையில் எழுதுவது நம் எழுத்தாளர் பலரின் வழக்கம். பாமா இவ்வேலியை அகற்றினார். தென்மாவட்டத் தலித் கிறிஸ்தவர்களின் பேச்சே இந்நூலில் கதை கூறுகிறது, துயருறுகிறது, திருச்சபையை நியாயம் விசாரிக்கிறது. கொச்சை எனப்பட்டது இங்கே தன்மானத்தின் குரலாயிற்று. விசாரிக்கப்படுவது கத்தோலிக்கச் சபையே என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

பின்னர் இம்மொழிக்கு விலையும் உண்டாயிற்று. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது, பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று. இதனை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு முரண்பாடு உண்டு. ஆங்கிலத்தில் கருத்தும் சினமும் கடந்து செல்கின்றன. ஊரின் ஓசை கடப்பதில்லை. எம்மொழிக்காக நூல் புகழப்படுகிறதோ, அம்மொழி கேளாத இடத்திலும் நூல் விலைபோகிறது. சந்தை நூலை மதிக்கலாம்; அம்மொழியைப் பேசும் மூதாட்டியை மதிக்கும் கடமை நம்முடையது.

அக்கடமையில் நாம் தவறியுள்ளோம். பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த திருப்புதலின் நடையே நமக்கு ஜெபமொழியாயிற்று. அது பலரைத் தேற்றியதை மறுக்கோம். ஆனால் அந்நடை கைவராதவர் சபையில் வாய்திறக்கத் தயங்குகின்றனர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையிலும் பேச்சுமொழியிலும் பாடல்களும் வழிபாடும் அமைத்தார். அவற்றை விழாநாள் நிகழ்ச்சியாக மட்டும் வைத்துக்கொள்வோமாயின், நாமும் சந்தையின் வழியே செல்பவராவோம்.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் மக்களை ஓர் உயர்மொழிக்கு அழைக்கவில்லை, அவரவர் பிறந்த பாஷையிலேயே கேட்கச் செய்தார் (அப். 2:8). ‘கருக்கை’ வகுப்பறையில் போற்றும் மாணவர், வருகிற ஞாயிறன்று தம் சபையின் கூலித்தொழிலாளி ஒருவரை அவர் பேச்சிலேயே ஜெபிக்க அழைக்கட்டும். அந்த ஜெபத்துக்கு நாம் மனதார ‘ஆமென்’ சொல்லும்போதே இந்நூலை வாசித்தவராவோம்.